பல்புக்குள் சும்மா இருப்பவர்கள்

மனித குலம் இதுவரை தயாரித்தவற்றில் தலைசிறந்தது ஒன்றுமில்லாமைதான். சக்கரம், எழுத்து, தடுப்பூசி எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில் உட்கார வேண்டியவை. ஒன்றுமில்லாமையைக் கலப்படமின்றித் தயாரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அதில் ஒருவர் எங்கள் சித்தப்பா. மற்ற இருவர் யாரென்று கேட்டால், "அவங்க இப்ப இல்ல" என்று சொல்லி ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பல்புப் பட்டறை. பெரிய கம்பெனிகள் சீண்டாத பல்புகளை நாங்கள் செய்கிறோம்: நுண்ணோக்கிக்குள் எரிகிற குட்டி பல்பு, படகின் முகப்பு பல்பு, நாடக மேடைக்கான பூசணிக்காய் அளவு பல்பு. அப்பா கண்ணாடியைத் தீயில் காட்டி வளைப்பார், மூடுவார். அத்தை டங்ஸ்டன் கம்பியைச் சுருளாகச் சுற்றுவாள். அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மூலையில் இருக்கும் பம்பு சித்தப்பாவின் ஆட்சிக்கு உட்பட்டது. பல்புக்குள் இருக்கும் காற்றை அதுதான் உறிஞ்சி எடுக்கும்.

பட்டறைக்கு யார் வந்தாலும், மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவராக இருந்தாலும், சித்தப்பா ஒரு பல்பை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"உள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே, சார்."

"அதான்!" என்று பல்பைத் திரும்ப வைத்துவிடுவார். வந்தவருக்கும் ஏதோ புரிந்த மாதிரிதான் இருக்கும்.

காற்றை எடுப்பதற்கு முன்னால் பல்பைச் சூளையில் வைத்துச் சுட்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரத்தை விரட்ட வேண்டும். ஈரத்தின் மேல் சித்தப்பாவுக்குப் பங்காளிப் பகை. "ஒரு பொட்டு ஈரம் உள்ள தங்கிச்சுன்னா போச்சு. கம்பியைத் தொட்டுக் கண்ணாடியில கருப்பு பூசும். திரும்ப வந்து கம்பியைத் தொடும், திரும்பப் போய்ப் பூசும். கூலி கேக்காத பெயிண்டர்!" என்பார். மழைநாளில் பட்டறைக்குள் நனைந்த சட்டையோடு யாரும் நுழைய முடியாது.

இப்படிப்பட்ட மனிதரின் பல்புகளைத்தான் நாடக அரங்கத்துக்காரர் ஒரு பெட்டி நிறையத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அரங்கத்தின் விளக்குப் பொறுப்பாளர் அவர். ஊரே அவரைக் 'கறார்' என்றுதான் கூப்பிடும். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. போனில் பேசும்போதுகூட, "கறார் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"நாடகம் ஆரம்பிக்கும்போது அரண்மனை. முடியும்போது அடுப்படி. கதாநாயகி அழறா, யாரு அழறதுன்னு ஜனங்க பக்கத்து சீட்டுல விசாரிக்கிறாங்க," என்றார் கறார்.

பெட்டியிலிருந்த ஒவ்வொரு பல்பின் உட்புறமும் புகையடித்த சட்டி மாதிரிக் கருத்திருந்தது.

"இவ்வளவு சூடா எரிச்சா எந்தக் கம்பியும் ஆவியாகத்தான் செய்யும். கொஞ்சம் மங்கலா எரிங்களேன்," என்றார் சித்தப்பா.

"மங்கலா எரிக்க எனக்கு மெழுகுவர்த்தி இருக்கு. புது நாடகத்துக்கு முழு ஒத்திகை வருது. அன்னைக்கு ஒரே தடவை உங்க பல்பைப் பார்ப்பேன். கருத்துச்சுன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

அவர் போன பிறகு பட்டறையில் பம்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அரங்கத்துக்காரர் போய்விட்டால் எங்களிடம் மிஞ்சுவது நுண்ணோக்கிகளும் படகுகளும்தான். படகுக்காரர்கள் பல்பு மாற்றுவது படகு மாற்றும்போது மட்டும்.

"டேய்," என்றாள் அத்தை, சுருளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள ஆர்கான் விட்டுப் பார்க்கலாம்."

சித்தப்பா பம்பை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு திடீரென்று பம்பை நிறுத்தியதில்லை.

"அக்கா, நான் நாள் பூரா உள்ள இருக்கிறதை வெளியே எடுக்கிறேன். நீ வெளியே இருக்கிறதை உள்ள விடுங்கறே."

"காத்தை விடச் சொல்லலையே. காத்துல ஆக்சிஜன் இருக்கு, கம்பியை எரிச்சுடும். ஆர்கான் யாரோடயும் சேராது. எரியாது, எரிக்காது. உள்ள சும்மா நிக்கும்."

"சும்மா நிக்கிறதுக்கு ஒரு வாயுவா? சம்பளம் எவ்வளவு?"

"கம்பி கொதிச்சா அதுலேருந்து துகள் கிளம்புது. நீ உள்ள இருந்த எல்லாரையும் துரத்திட்டே, தடுக்க ஆளில்ல. நேரா போய்க் கண்ணாடியில ஒட்டிக்குது. நடுவுல நாலு பேர் நின்னா மோதி மோதித் திரும்பிடுமா இல்லையா?"

அத்தையின் கணவர் பஸ் கண்டக்டர். மதிய ஷிஃப்டுக்குப் போகிற வழியில் சாப்பாட்டுப் பையை எடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று தீர்ப்பு சொன்னார்: "சரியாத்தான் சொல்றா. காலி பஸ்ல எவனும் டக்குனு இறங்கிடுவான். நெரிசல்ல மாட்டினவன் அவனவன் ஸ்டாப்புல இறங்கின சரித்திரமே கிடையாது."

இதைவிடத் தெளிவாக எங்கள் கல்லூரியில் யாரும் நடத்தவில்லை. அங்கே இந்த வகைக்கு மந்த வாயு என்று பெயர். கடைசி பெஞ்சுக்கும் அதே பெயர்தான்.

சித்தப்பா ஒரு நியாயமான கேள்வியும் கேட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "வாயு இருந்தா கம்பியோட சூட்டைத் திருடிட்டுப் போயிடும். வெளிச்சம் குறையும். என்ன பண்ணுவே?"

"சுருளை இன்னும் நெருக்கமா சுத்துவேன். ஒட்டி ஒட்டி உக்காந்தா குளிரு தெரியாது."

நியாயமான கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் சித்தப்பா நியாயத்தை விட்டுவிட்டார். "பல்புக்குக் காத்தடிக்க நான் எதுக்கு? சைக்கிள் கடைக்காரன் போதாதா?" என்று குனிந்து, இல்லாத பம்பு ஒன்றை இரண்டு கையாலும் அழுத்திக் காட்டினார். அதோடு விட்டாரா? அதற்குப் பிறகு அத்தை பட்டறைக்குள் வரும்போதெல்லாம், "முன் சக்கரமா, பின் சக்கரமா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அப்பாவுக்கே ஒருமுறை சிரிப்பு வந்துவிட்டது.

அத்தைக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள்.

"நான் சடை போட்ட வயசுலேருந்து சுருள் சுத்தறேன். கல்யாணம் ஆகியும் தினம் வந்து சுத்தறேன். ஒரு பல்பு எப்படி இருக்கணும்னு ஒருநாள்கூட யாரும் என்னைக் கேட்டதில்ல. ஒத்திகையில ரெண்டு பல்பு தொங்கட்டும். ஒண்ணு அவனோடது, ஒண்ணு என்னோடது. என்னோடது கருத்தா வாயுங்கற வார்த்தையே இனிமே என் வாயில வராது. கருக்கலைன்னா பல்புக்குள்ள என்ன போகணும்கறதை இனிமே நான் முடிவு பண்ணுவேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். எங்கள் குடும்பத்தின் ஆர்கான் அப்பாதான். எந்தச் சண்டையிலும் யாரோடும் சேரமாட்டார், நடுவில் நிற்பார், அதனாலேயே யாரும் யார் மேலும் முழு வேகத்தில் மோதியதில்லை. "ரெண்டுக்கும் நானே கண்ணாடி மூடறேன்," என்று மட்டும் சொன்னார்.

"சம்மதம். ஆனா ஆர்கான் சிலிண்டர் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது," என்றார் சித்தப்பா.

ஆர்கான் எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறையிலேயே இருந்தது. சில உலோகங்களைப் பற்றவைக்கும்போது காற்று அண்டாமல் இருக்க அதைத்தான் பீய்ச்சுவார்கள். சிலிண்டர் வரக் கூடாது என்பதால் மாமா ஒரு பெரிய பலூனில் நிரப்பிக் கொண்டுவரக் கிளம்பினார். வெல்டர் அவருடைய பஸ்ஸில் தினம் வருகிறவர். "பலூனுக்கு எல்லாம் போய்க் கணக்குப் பார்த்துக்கிட்டு" என்று நிரப்பிக் கொடுத்தார். பலூன் என்றால் பறக்கும் என்று நினைத்து நூல் கட்டி வைத்திருந்தார் மாமா. ஆர்கான் காற்றைவிடக் கனம். நூலை விட்டதும் பலூன் பலாப்பழம் மாதிரிக் கீழே உட்கார்ந்தது. மாமா அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்த காட்சியை இரண்டு பக்கக் கடைக்காரர்களும் வெளியே வந்து பார்த்தார்கள்.

சித்தப்பா பல்பைச் சூளையில் சுட்டார், காற்றை உறிஞ்சினார். "என் பக்கம் சுத்தம். இனிமே உன் குப்பையைக் கொட்டிக்கோ," என்று நகர்ந்துகொண்டார். அத்தை பலூனின் வாயைக் குழாயில் பொருத்தித் திறந்தாள். அப்பா தீயால் பல்பின் வாலை மூடினார்.

சோதனைக்காக மேசையிலேயே எரியவிட்டோம். முதல் நிமிடம் வெள்ளை வெளேரென்று பட்டறை முழுக்க விடிந்தது. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆஹா" என்றார். டீ குடித்து முடிப்பதற்குள் வெளிச்சம் பழுப்பாகிவிட்டது. டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் பல்பு கருத்துவிட்டது. சித்தப்பாவின் பல்புகள் கருக்க ஒரு முழு நாடகம் தேவைப்பட்டது. இதற்கு ஒரு டம்ளர் டீ போதுமாக இருந்தது.

சித்தப்பா சிரிக்கவில்லை. அது இன்னும் கொடுமை. அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்து, "பரவால்ல விடுக்கா, பஞ்சர்னு நினைச்சுக்கோ," என்றார்.

அத்தை பல்பு ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

"இது தப்பா கருத்திருக்கு."

"கருப்புல என்னக்கா தப்புக் கருப்பு, சரிக் கருப்பு?"

"வாயு இருந்தா சூட்டுல அது மேல போகும். கரியையும் மேலதான் கொண்டு போய்ச் சேர்க்கும். உச்சியில மட்டும் கருத்திருக்கணும். இது சுத்தி நாலு பக்கமும் பூசியிருக்கு, அதுவும் இவ்வளவு சீக்கிரம்." அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். "கூலி கேக்காத பெயிண்டர். உள்ள ஈரம் இருக்குடா."

சித்தப்பாவின் முகம் மாறியது. அவர் அம்மாவைத் திட்டியிருந்தால்கூட அப்படி மாறியிருக்காது. "ஈரமா? நான் சுட்ட பல்புலயா? அக்கா, தோத்துட்டேன்னு சொல்லு, கேட்டுக்கறேன். ஈரம்னு மட்டும் சொல்லாதே. வாபஸ் வாங்கு!"

"உன் பல்புல இல்லேன்னா..." அத்தையின் பார்வை பட்டறையைச் சுற்றி வந்து, மூலையில் சுருங்கிக் கிடந்த பலூனில் நின்றது. பிறகு கணவரிடம் போனது. "ஏங்க. இந்தப் பலூனை நீங்க வாயில ஊதினீங்களா?"

மாமா பெருமையாக நிமிர்ந்தார். "ஊதாம? புதுப் பலூன் இறுக்கமா இருக்கும்ல. நல்லா ரெண்டு மூணு தடவை முழுசா ஊதிப் பெருசாக்கி, பிதுக்கி விட்டுட்டுத்தான் அவர்கிட்ட நீட்டினேன். எந்தப் பலூனையும் முதல்ல வாயால ஊதித்தானேம்மா பழக்கணும்?"

பட்டறையில் யாரும் மூச்சுவிடவில்லை. மாமாவே மூச்சைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் பிடித்து என்ன பயன்?

"அத்தான்," என்றார் சித்தப்பா. "என் வயசுல பாதியை நான் ஈரத்தைத் துரத்தியே கழிச்சிருக்கேன். நீங்க வாயிலேருந்து நேரா உள்ள அனுப்பியிருக்கீங்க."

"நான் என்னப்பா கண்டேன், மூச்சுல தண்ணி இருக்கும்னு?"

"கண்ணாடி மேல ஊதிப் பார்த்ததே இல்லையா!"

அன்று சித்தப்பா எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும் திருப்பியது. அக்கா மேல் பாசத்தால் எடுத்த முடிவு என்று தவறாக நினைத்துவிடக் கூடாது. "நாளைக்கு ஒத்திகை. அங்க தோத்துட்டு ஈரம்னு சாக்கு சொல்ல விடமாட்டேன். உன் பல்பை நானே ரெண்டு மடங்கு நேரம் சுடறேன். நானே உறிஞ்சறேன். குழாயையும் நானே உலர்த்தித் தரேன். நீ தோக்கணும்னா சுத்தமா தோக்கணும்," என்றார்.

மறுநாள் காலையிலிருந்து சூளையை விட்டு அவர் நகரவில்லை. அத்தை புதுச் சுருள் ஒன்றைச் சுற்றினாள், முதலில் சுற்றியதைவிட நெருக்கமாக. வெல்டர் தன் சிலிண்டரை இரட்டைச் சக்கர வண்டியில் வைத்துத் தெருவோடு தள்ளிக்கொண்டு வந்து எங்கள் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினார். ரப்பர் குழாய் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்தது.

"வாசப்படியைத் தாண்டலையே," என்றாள் அத்தை.

சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் பம்பைப் பார்த்தார். "குழாயை முதல்ல நல்லா ஊதி விடச் சொல்லு. வாயால இல்ல, வாயுவால," என்றார்.

பல்புக்குள் முதலில் சித்தப்பாவின் ஒன்றுமில்லாமை உண்டானது. அப்படி ஒரு ஒன்றுமில்லாமையை அவரே அதுவரை செய்ததில்லை என்று பிறகு ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். அந்த இடத்துக்குள் அத்தை ஆர்கானை மெல்லத் திறந்துவிட்டாள். அழுத்தமானியின் முள் ஏறியது. முழுதாக ஏறுவதற்கு முன்பே மூடினாள். எரியும்போது சூட்டில் வாயு விரியும், அதற்கு இடம் வேண்டும். அப்பா தீயைக் காட்டினார். கண்ணாடி வால் இளகி, ஒட்டி, துண்டானது.

அரங்கத்தில் ஒத்திகை பிற்பகலில் தொடங்கியது. மேடையின் இடது பக்க விளக்குக் கூண்டில் சித்தப்பாவின் பல்பு, வலது பக்கக் கூண்டில் அத்தையின் பல்பு. அந்த விளக்குகள் குறைந்த மின்னழுத்தத்தில் எரிபவை, உள்ளே பொறி பாயாது என்பதால் நைட்ரஜன் கலக்காமல் வெறும் ஆர்கானே போதுமாக இருந்தது. கறார் இரண்டையும் ஒரே அளவு வெளிச்சத்துக்குத் திருகி வைத்தார். நாங்கள் காலி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தோம். அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கம்பி இல்லாததுதான் குறை.

ராஜா கதை. முதல் அங்கத்தில் இரண்டு பக்கமும் பளிச்சென்று இருந்தது. சித்தப்பா மாமாவிடம் குனிந்து, "பார்த்தீங்களா, ரெண்டும் ஒண்ணுதான். இவ்வளவு அலைச்சல் எதுக்கு?" என்றார்.

இரண்டாம் அங்கத்தில் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தபோது லேசாக மஞ்சள் காமாலை வந்தவர் போலத் தெரிந்தார். சிம்மாசனம் இடது பக்கம். அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வசனத்துக்காக எழுந்தவர் திரும்ப உட்காரவில்லை. பேசிக்கொண்டே வலது பக்கம் வந்து, மிச்ச நேரம் நின்றபடியே நாட்டை ஆண்டார். மந்திரி ராஜாவிடம் ஆலோசனை சொல்ல வந்து அங்கேயே தங்கிவிட்டார். ராணி தோழியைத் தேடி இடது பக்கம் போக வேண்டும். போகாமல், அங்கிருந்த தோழியைக் கையசைத்து வலது பக்கம் கூப்பிட்டுக்கொண்டாள்.

"ஏன் எல்லாரும் அங்கேயே குவியறீங்க?" இயக்குநர் கத்தினார்.

"இங்கதான் சார் மூஞ்சி தெரியுது!" என்றார் ராஜா.

"உள்ள போங்க, உள்ள போங்க," என்றார் மாமா எங்கள் வரிசையிலிருந்து, பழக்கதோஷத்தில்.

கடைசி அங்கத்தில் தளபதி இடது பக்கக் கோட்டை வாசலில் குத்துப்பட்டுச் சாக வேண்டும். குத்துப்பட்டார். ஆனால் சாகவில்லை. மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, மேடையின் முழு அகலத்தையும் உருண்டு கடந்து, வலது பக்க வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உயிரை விட்டார். அவர் நெற்றியிலிருந்த வியர்வை ஒவ்வொரு பொட்டாக எங்களுக்குத் தெரிந்தது. இடது பக்கம் கோட்டை இருந்ததா என்பதையே நாங்கள் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தை எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விளக்குகள் ஆறியதும் கறார் ஏணியில் ஏறி இரண்டு பல்பையும் கழற்றிக் கொண்டுவந்தார். இடது பக்கத்துப் பல்பின் உள்ளே சுற்றிலும் கருப்பு. வலது பக்கத்துப் பல்பின் உச்சியில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாம்பல் திட்டு. மீதிக் கண்ணாடி அப்பா வளைத்தபோது இருந்த மாதிரியே இருந்தது. கறார் அதன் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். நடிகர்கள் கிரீடத்தோடும் குத்துப்பட்ட மார்போடும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இதை யாரு செஞ்சது?"

"நான்," என்றாள் அத்தை. காலி அரங்கம், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"மேடை முழுக்க இதுதான் வேணும். எல்லாக் கூண்டுக்கும்."

முதலில் கைதட்டியது செத்த தளபதி. அப்புறம் ராஜா, ராணி, மந்திரி, தோழி, காவலர்கள் எல்லோரும் தட்டினார்கள். மாமா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். யார் கட்சியும் சேராத அப்பா, தங்கையின் தலையில் கை வைத்து அழுத்தி, உடனே எடுத்துக்கொண்டார். அத்தை சிரித்த சிரிப்பில் ஒரு பிசிறுகூட இல்லை. பல வருஷங்களாகச் சுற்றி வைத்த சுருள் ஒரேயடியாகப் பிரிந்த மாதிரி, நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே உள்ள என்ன போகணும்னு யாரைக் கேக்கணும்?" என்றாள் தம்பியிடம்.

"உன்னைத்தான்," என்றார் சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு. உடனே, "ஒரு ஒத்திகைதானே," என்று சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவர் எங்களுக்கு நாலடி பின்னால்தான் வந்தார்.

மறுநாள் காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பி மாடியிலிருந்து இறங்கினேன். அத்தை இன்னும் வந்திருக்கவில்லை. அப்பா அடுப்பை மூட்டப் போயிருந்தார். சித்தப்பா தனியாக இருந்தார். அவர் முன்னால் படகுக்காரர் கேட்டிருந்த முகப்பு பல்பு ஒன்று குழாயில் பொருந்தியிருந்தது. அதில் வாயு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. படகுக்காரர் இத்தனை காலமும் வெற்றிட பல்பையே வாங்கி, அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போனவர்.

பம்பு நின்றது. சித்தப்பா முள்ளைப் பார்த்தார். அவருக்கு மிகவும் பிடித்த இடத்தில், அடியோடு அடியாக, அது படுத்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு பெருமூச்சு விடுவார். இப்போது வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார், படிக்கட்டுப் பக்கம் பார்க்கவில்லை. கையை நீட்டி, ஜன்னல் கம்பி வழியாக இன்னும் உள்ளே நீண்டிருந்த ஆர்கான் குழாயின் திருகை அரைத் திருப்பு திறந்தார். முள் மெல்ல எழுந்தது. சித்தப்பா குனிந்து, கன்னத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உள்ளே ஒன்றும் தெரியாத அந்தப் பல்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.